கனமான மோட்டார் சைக்கிளை வீட்டில் எதன்மேல் நிறுத்துவது?

என் வண்டி 240 கிலோ. ஜாக்கியின் மேல் அசையாமல்தான் நின்றது. பின் சக்கரத்தின் ஆக்ஸில் நட்டில் ஸ்பேனரை மாட்டினேன். நட்டு மசியவில்லை. ஸ்பேனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளத்தைக் கூட்டி, உடம்பின் பலத்தையெல்லாம் திரட்டி இழுத்தேன். நட்டு இளகவில்லை, வண்டிதான் இளகியது. ரப்பரின் மேல் இரும்பு நழுவும் மெல்லிய முனகல் முதலில் கேட்டது, அடுத்த நொடி கண்ணாடி உடையும் சத்தம். கிளட்ச் லீவர் போனது, பக்கக் கண்ணாடி போனது, பெட்ரோல் டேங்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு குழி விழுந்தது. என் கால் அந்தப் பக்கத்தில் இல்லாமல் போனது என் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல.

அந்த ஜாக்கியில் 680 கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருந்தது. அது பொய்யில்லை. வண்டி விழுந்த பிறகும் ஜாக்கி உயர்ந்த இடத்திலேயே நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. கருவி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். நானும் அதைத்தான் பார்த்தேன். அது செங்குத்தாகத் தூக்கும் பலத்தின் கணக்கு. பக்கவாட்டில் வண்டியை யார் பிடித்துக்கொள்வது என்பதற்கு அதில் பதில் கிடையாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். வண்டி 250 கிலோ, அதன் எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ., கைப்பிடி 1 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். நேராக நிற்கும்போது இரண்டு விரலால் பிடித்து நிறுத்தலாம். 10 டிகிரி சாய்ந்தால் கைப்பிடியில் ஏறத்தாழ 24 கிலோ சுமை இறங்கும். 30 டிகிரி சாய்ந்தால் 70 கிலோவை நெருங்கும். முதல் சில டிகிரிகளுக்குள் பிடித்தால் உண்டு. அதைத் தாண்டிவிட்டால் கையை எடுத்துவிட்டு விலகி நிற்பதுதான் புத்தி; வண்டிக்கு வண்டி வாங்கலாம், முதுகெலும்புக்கு முடியாது. நிரம்பிய 20 லிட்டர் டேங்கில் இருக்கும் பெட்ரோல் மட்டுமே சுமார் 15 கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் 15 கிலோ. பெரிய வேலைக்கு முன்பு டேங்கைப் பாதிக்குக் கீழே இறக்கிவைப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே, கருவிகளை ஒப்பிடும்போது நான் இப்போது கிலோவைப் பார்ப்பதில்லை. எந்தப் பாகம் கழலப் போகிறது, அது கழன்ற பிறகு எடை முன்பக்கம் போகுமா பின்பக்கம் போகுமா என்று பார்க்கிறேன். ஆர்டர் செய்த உதிரிபாகம் வர ஒரு வாரம் ஆனால், அந்த ஒரு வாரமும் வண்டி அப்படியே நிற்குமா என்றும் பார்க்கிறேன்.

சென்டர் ஸ்டாண்டு உள்ளவர்கள்

வண்டியில் சென்டர் ஸ்டாண்டு இருந்தால் பாதி வேலைக்கு வேறு எதுவும் வாங்க வேண்டாம். செயினைச் சுத்தம் செய்ய, எண்ணெய் மாற்ற, பின் சக்கரத்தைக் கழற்ற அது போதும். பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ். 249 கிலோ எடை கொண்டது. அதைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றக் கையால் இழுப்பவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். பழகியவர் அதே வண்டியைக் காலால் ஏற்றிவிடுவார். இடது கை கைப்பிடியில், வலது கை பின்னால் உள்ள கம்பியில். ஸ்டாண்டின் இரண்டு பாதங்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும் வரை வண்டியை நிமிர்த்த வேண்டும். பிறகு ஸ்டாண்டின் நாக்கின் மேல் வலது காலை வைத்து, படியில் ஏறுவதுபோல் உடம்பின் முழு எடையையும் இறக்க வேண்டும். கை வழிகாட்டினால் போதும். அப்படியும் கனத்தால், பின் சக்கரத்தை 2 செ.மீ. கனமுள்ள ஒரு பலகையின் மேல் உருட்டி நிறுத்திவிட்டு முயன்று பாருங்கள். ஏற வேண்டிய உயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சென்டர் ஸ்டாண்டு வண்டியை முன்னால் தள்ளினால் மடங்கும்படி செய்யப்பட்டது. பின் ஆக்ஸில் நட்டோடு மல்லுக்கட்டும்போது நீங்கள் வண்டியை முன்னால் தள்ளிவிட்டால் ஸ்டாண்டு மடங்கிவிடும். ஸ்டாண்டின் காலிலிருந்து முன் சக்கரத்துக்கு ஒரு பட்டையை இழுத்துக் கட்டிவிட்டால் அந்தப் பயம் இல்லை. முன் சக்கரத்தைக் கழற்றுவதற்கும் சென்டர் ஸ்டாண்டை மட்டும் நம்பக்கூடாது. முன்பக்கத்தின் எடை குறைந்ததும் வண்டி பின்னால் சாயும், அல்லது எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவு செய்யாமல் ஊசலாடும். எஞ்சினின் முன்பகுதிக்குக் கீழே பிரேமில் ஒரு முட்டு கொடுத்தே ஆக வேண்டும்.

பேடாக் ஸ்டாண்டு

சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டிக்கு, அதிலும் ஸ்போர்ட்ஸ் வகை வண்டிக்கு, நான் முதலில் சொல்வது இதைத்தான். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை இரண்டு பக்கமும் பிடித்து, நீண்ட நெம்புகோல் ஒன்றால் வண்டியின் பின்பக்கத்தை மட்டும் தூக்குகிறது. ஹைட்ராலிக் இல்லை, கசிய எண்ணெய் இல்லை, மறந்துபோகப் பூட்டும் இல்லை. தரையில் அகலமாகக் கால் ஊன்றியிருப்பதால் பக்கவாட்டு உறுதி நன்றாக இருக்கிறது. முன் சக்கரம் தரையிலேயே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை முடிந்ததும் சுவரில் மாட்டி வைத்துவிடலாம்.

இதில் இரண்டு ரகம். ஒன்று, ஸ்விங் ஆர்மின் அடியில் ரப்பர் பட்டைகளை முட்டுக் கொடுக்கும் ரகம். மற்றொன்று, ஸ்விங் ஆர்மில் திருகிய பாபின்களை, அதாவது நூல்கண்டு வடிவச் சிறு முளைகளை, வி வடிவக் கொக்கிகளால் பிடிக்கும் ரகம். கனமான வண்டிக்கு இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். ரப்பர் நழுவும், வண்ணத்தைச் சுரண்டும், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் உட்காராமல் ஏமாற்றும். பாபின் கொக்கிக்குள் உட்கார்ந்துவிட்டால் பிறகு அசையாது. வாங்கும் முன்பு உங்கள் ஸ்விங் ஆர்மில் மறையுள்ள துளை இருக்கிறதா, அது 6 மில்லிமீட்டரா, 8-ஆ, 10-ஆ என்று பார்த்துவிடுங்கள். வண்டிக்கு வண்டி மாறும். சக்கரத்தை ஒரே பக்கம் தாங்கும் ஒற்றைக் கை ஸ்விங் ஆர்ம் கொண்ட வண்டிகளுக்கு இந்த ஸ்டாண்டு உதவாது. ஆக்ஸிலின் துளைக்குள் தண்டு நுழையும் தனி ஸ்டாண்டு வேண்டும், அதன் தண்டின் அளவும் வண்டிக்கு ஏற்ப மாறும்.

தனியாளாக ஏற்ற முடியுமா என்பதுதான் பலருக்கும் உள்ள தயக்கம். வண்டியை நிமிர்த்திப் பிடிக்க ஒரு கை, ஸ்டாண்டை மாட்ட ஒரு கை, அழுத்த இன்னொரு கை என்று மூன்று கைகள் வேண்டும்போல் தோன்றும். நான் செய்வது இது: சைடு ஸ்டாண்டின் பாதத்துக்கு அடியில் 2 செ.மீ. பலகை ஒன்றை வைக்கிறேன். வண்டி அதன் மேல் சாய்ந்தே நிற்கிறது, ஆனால் சாய்வு குறைந்து கொஞ்சம் நிமிர்ந்துவிடுகிறது. பின்னால் போய் இடது கொக்கியை இடது பாபினில் பொருத்திவிட்டு, வண்டியின் வால்பகுதியை ஒரு கையால் லேசாக இழுத்து நிமிர்த்தினால் வலது கொக்கியும் உட்கார்ந்துவிடும். ஒரு கணம் நிறுத்தி, குனிந்து இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகுதான் கைப்பிடியை அழுத்துகிறேன். அந்தப் பார்வையை விட்டுவிட்டு அழுத்துகிறவர்கள்தான் வண்டியைக் கீழே போடுகிறார்கள். முதல் நான்கைந்து முறை மறுபக்கம் ஓர் ஆளை நிறுத்திக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முன்பக்க ஸ்டாண்டிலும் இரண்டு ரகம். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்குகளின் அடிப்பகுதியைத் தாங்குவது ஒன்று. அதில் முன் சக்கரத்தைக் கழற்றலாம், ஃபோர்க்கைக் கழற்ற முடியாது, ஏனென்றால் வண்டி அதன் மேல்தான் நிற்கிறது. ஹேண்டில் தண்டின் அடித் துளைக்குள் முளை நுழைந்து தாங்குவது மற்றொன்று. அதில் ஃபோர்க்கையும் கழற்றலாம். ஃபோர்க் எண்ணெய் மாற்றும் எண்ணம் என்றாவது ஒரு நாள் வரும் என்றால் ஆரம்பத்திலேயே இரண்டாவதை வாங்குவது லாபம், முளையின் விட்டம் உங்கள் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் அளந்துகொள்ளுங்கள். எதுவாக இருந்தாலும் பின்பக்கம் முதலில் ஏற வேண்டும், முன்பக்கம் அடுத்து. முன் ஸ்டாண்டை மட்டும் மாட்டி, பின்பக்கத்தைச் சைடு ஸ்டாண்டின் பொறுப்பில் விடக்கூடாது.

ஜாக்கி

என் டேங்கில் குழி விழுந்த கதையால் நான் ஜாக்கிக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. கீழே இரண்டு இணையான குழாய்கள் ஓடும் தொட்டில் பிரேம் கொண்ட குரூசர் வகை வண்டிகளுக்கு, சென்டர் ஸ்டாண்டும் இல்லை, பேடாக் பாபினும் இல்லை என்ற நிலையில், இரண்டு சக்கரங்களையும் ஒரே நேரத்தில் தரையிலிருந்து எழுப்ப ஜாக்கியே எளிய வழி. எஞ்சினே பிரேமின் ஒரு பகுதியாக வேலை செய்யும் வண்டிகளில்தான் சிக்கல். அங்கே அடியில் இருப்பது எண்ணெய்த் தொட்டி, சைலன்சர் குழாய், சில வண்டிகளில் எண்ணெய் வடிகட்டி. இவற்றில் எதன் மேலும் 250 கிலோவை உட்காரவைக்க முடியாது. அலுமினிய எண்ணெய்த் தொட்டி விரிசல் விட்டால் ஜாக்கியின் விலையைப் போல் பல மடங்கு செலவாகும். பட்டறைக் கையேட்டில் ஜாக்கி வைக்கும் இடம் குறித்திருந்தால் மட்டும், அந்த இடத்தில் மட்டும் வைக்கலாம்.

அந்த இடமே கிடைத்தாலும் வண்டி நிற்பது ஒரு முழ அகலமுள்ள மேடையில். பின் சக்கரம், டயர், செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட், டிஸ்க் எல்லாம் சேர்ந்து 18 கிலோ என்றும், அது எடை மையத்திலிருந்து 70 செ.மீ. பின்னால் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், சக்கரத்தைக் கழற்றிய நொடியில் 250 கிலோ வண்டியின் எடை மையம் 5 செ.மீ.க்கு மேல் முன்னால் நகர்ந்துவிடும். ஒரு முழ மேடையில் 5 செ.மீ. சின்ன விஷயம் அல்ல. ஆகவே ஜாக்கியோடு வண்டியைப் பட்டையால் கட்ட வேண்டும். நல்ல ஜாக்கிகளில் அதற்கான வளையங்கள் உண்டு. வளையம் இல்லாத ஜாக்கியை வாங்காதீர்கள். கழற்றப் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் முட்டு ஒன்றும் வேண்டும். உயர்த்தியதும் இயந்திரப் பூட்டைப் போட்டுவிட்டு ஹைட்ராலிக் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். ஹைட்ராலிக் தூக்குவதற்கு மட்டும்தான்; அதன் சீல் எப்போது கசியும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

நான் செய்த உண்மையான தவறு ஜாக்கியைத் தேர்ந்தெடுத்தது அல்ல, இறுகிய நட்டை வண்டி உயர்ந்த பிறகு இளக்க முயன்றது. பின் ஆக்ஸில் நட்டு பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்கப்பட்டிருக்கும். 40 செ.மீ. பிடியில் அது ஏறத்தாழ 25 கிலோ இழுப்பு, துருப்பிடித்திருந்தால் அதைவிட அதிகம். அவ்வளவு பக்கவாட்டு இழுப்பை எந்த ஸ்டாண்டின் மேலும் காட்டக்கூடாது. இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்போதே நட்டைக் கால் சுற்று இளக்கிவிட்டுத்தான் தூக்க வேண்டும். மறுபடி மாட்டும்போதும் கடைசி முறுக்கு வண்டி தரைக்கு வந்த பிறகுதான்.

மேசை லிஃப்ட்

ஹைட்ராலிக் மேசையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். முழு வண்டியையும் உருட்டி ஏற்றி, காலால் மிதித்து இடுப்பு உயரத்துக்கு, ஏறக்குறைய 75 செ.மீ. வரை உயர்த்திவிடலாம். 450 கிலோ தாங்கும் மேசைகள் பரவலாகக் கிடைக்கின்றன. முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்பவர்களுக்கும் இதற்கு ஈடு இல்லை.

ஆனால் வாங்கிய பிறகுதான் பலருக்கு ஒரு விஷயம் உறைக்கிறது. மேசை வண்டியைத் தூக்குகிறது, சக்கரத்தைத் தூக்குவதில்லை. சக்கரங்கள் மேசையின் மேலேயே நிற்கின்றன. சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் மேசைக்கு மேல் இன்னொரு பேடாக் ஸ்டாண்டோ ஜாக்கியோ வேண்டும். சில மேசைகளில் பின் சக்கரத்துக்குக் கீழே உள்ள தகட்டைக் கழற்றி எடுக்கலாம். அப்போதும் வண்டியின் பின்பக்கத்தை வேறு ஏதாவது தாங்கியாக வேண்டும். மேசை காப்பாற்றுவது உங்கள் முதுகை. வண்டியை நிறுத்தும் பிரச்சினை அப்படியே இருக்கிறது, 75 செ.மீ. உயரத்தில் இருக்கிறது.

மேசையே பெரும்பாலும் 100 கிலோவைத் தாண்டும், 2 மீட்டருக்கு மேல் நீளும். வேறு எதற்கும் பயன்படுத்தாத ஓர் இடம் வீட்டில் இருந்தால் மட்டுமே யோசிக்க வேண்டிய பொருள். முன் சக்கரப் பிடி இல்லாத மேசையை வண்டிக்கான மேசை என்றே சொல்லக்கூடாது. சைடு ஸ்டாண்டின் பாதம் மேசையின் விளிம்புக்குள் விழுகிறதா என்றும் அளந்து பாருங்கள். கனமான வண்டிகளில் சைடு ஸ்டாண்டு வெளியே வெகுவாக நீளும்.

மேலிருந்து தொங்கவிடுவது

கூரை உத்தரத்தில் செயின் கப்பியை மாட்டி வண்டியைத் தூக்குவது பழைய பட்டறை வழக்கம். ஃபோர்க், ஸ்விங் ஆர்ம் இரண்டையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட வேண்டும் என்றால் கீழே இடைஞ்சலே இல்லாத ஒரே வழியும் இதுதான். ஆனால் தொங்கும் பொருள் ஆடும். உத்தரம் எவ்வளவு தாங்கும் என்று கட்டியவருக்கோ பொறியாளருக்கோ தெரிந்திருக்க வேண்டும். மின்விசிறிக்காகக் கூரையில் விட்ட கொக்கி மின்விசிறிக்கு மட்டும்தான்.

முழு எடையையும் தொங்கவிடாமல், துணைக் காவலாக இதைப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்கும். வண்டி பேடாக் ஸ்டாண்டில் நிற்கிறது. நம்பகமான ஓர் உத்தரத்திலிருந்து இறங்கும் பட்டை ஒன்று தொய்வில்லாமல் வண்டியைப் பிடித்திருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கும் வரை அந்தப் பட்டைக்கு வேலையே இல்லை.

பட்டை கட்டும் இடம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் நெம்பி நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டைகள் நான்கு வேண்டும். நைலானைவிட பாலியெஸ்டர் பட்டை குறைவாக நீளும், அதையே எடுங்கள். வெயிலில் கிடந்து வெளுத்த பட்டையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பட்டையில் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எண் அறுந்துபோகும் எடை, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருக்கும் சிறிய எண்ணே நீங்கள் நம்பக்கூடிய எடை.

முன்பக்கத்தில் கட்ட வேண்டிய இடம் இரண்டு ஃபோர்க்குகளையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்த் தகடு. கைப்பிடியின் நுனியில் கட்டினால் கைப்பிடி திரும்பும், வளையும். கொக்கி நேராக உலோகத்தில் படாமல் மென்மையான துணி வளையம் ஒன்றைச் சுற்றி, அதில் கொக்கியை மாட்டுங்கள். பிரேக் குழாயோ ஒயரோ அந்த வளையத்துக்குள் சிக்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பட்டைகள் வண்டியிலிருந்து முன்னாலும் வெளியேயும் சுமார் 45 டிகிரியில் இறங்க வேண்டும். ஃபோர்க்கை முழுவதும் அமுக்கிக் கட்டினால் எண்ணெய் சீலுக்குக் கேடு. ஃபோர்க் அமுங்கக்கூடிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் வண்டி அசையாமல் நிற்கும். முன் பிரேக் லீவரை ஒரு ரப்பர் வளையத்தால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டால் சக்கரம் உருளாது.

யாருக்கு எது

சென்டர் ஸ்டாண்டு உள்ளவர் ஒரு பலகையும் பட்டைகளும் வாங்கினால் போதும், முன் சக்கர வேலை வரும்போது முட்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்போர்ட்ஸ் வண்டிக்காரர் பின் பேடாக் ஸ்டாண்டிலிருந்து தொடங்கட்டும். முன் ஸ்டாண்டைத் தேவை வரும்போது, அதுவும் ஹேண்டில் தண்டு ரகமாக, வாங்கலாம். தொட்டில் பிரேம் குரூசருக்கு அகல மேடையும் கட்டு வளையங்களும் கொண்ட ஜாக்கி. ஸ்விங் ஆர்ம் அச்சில் மாட்டும் தனி வகை ஸ்டாண்டும் உண்டு, அழகான கருவிதான். ஆனால் உங்கள் வண்டி மாடலுக்கென்று செய்த இணைப்பு வேண்டும், அடுத்த வண்டிக்கு அது உதவாது. மேசை, வாரம் தவறாமல் வண்டியில் கை வைப்பவருக்கும் குனிய முடியாதவருக்கும்.

செயினைத் துடைத்து எண்ணெய் பூசுவது மட்டுமே வேலை என்றால் இவற்றில் எதுவுமே வேண்டாம். வண்டியை ஒரு முழம் ஒரு முழமாக உருட்டி உருட்டிச் செய்துகொள்ளலாம். பின் சக்கரம் தூக்கியிருக்கிறதே என்று எஞ்சினை ஓட்டி, கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடிக்காதீர்கள். துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும்.

நான் இப்போது வைத்திருப்பது பாபின் ரகப் பின் ஸ்டாண்டும் ஹேண்டில் தண்டு முன் ஸ்டாண்டும். தரையில் வழுவழுப்பான ஓடு என்பதால் கனமான ரப்பர் விரிப்பு ஒன்றும் போட்டிருக்கிறேன். வேலை முடிந்து இறக்கும்போது முன்பக்கம் முதலில், பின்பக்கம் கடைசியில். பின் ஸ்டாண்டின் கைப்பிடியைத் தொடும் முன்பு இடது பக்கம் சுற்றி வந்து, குனிந்து, சைடு ஸ்டாண்டு முழுக்க விரிந்திருக்கிறதா என்று காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறேன். பிறகு பலகையைத் திரும்ப அதன் பாதத்துக்குக் கீழே தள்ளிவிட்டுத்தான் பின்னால் போகிறேன்.